கர்ப்ப காலம் முதல் பிள்ளை பிறந்த பிறகு வரை குடும்பங்களுக்குத் துணையாக இருக்கும் தொழிலைச் சேலத்தில் தொடங்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

தொடங்கலாம். ஆனால் பிரசவ அறையிலிருந்து தொடங்காதீர்கள். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இறங்குகிற நாளிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர் நர்ஸிங் முடித்தவர். கர்ப்பிணிகளுக்கு வகுப்பு, பிரசவ நேரத்தில் கூட இருப்பது, பிறகு வீட்டில் உதவி என்று மூன்றையும் ஒரே பேக்கேஜாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஏற்காட்டிலும் செய்ய முடியுமா என்று கடைசியில் ஒரு வரி. நான் அஸ்தம்பட்டியில் ஏழு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். நானும் நர்ஸ்தான்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதில் 100க்கு 45 சிசேரியன். பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், 108 இருக்கிறது. வயிற்றில் தையலோடு ஒரு பெண் வீட்டுப் படியேறுகிறாளே, அங்கேதான் ஆள் இல்லை. முன்பு தாய்வீட்டில் பாட்டி, சித்தி, பெரியம்மா என்று நாலு பேர் இருப்பார்கள். இன்றைக்கு அவளுடைய அம்மாவே காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புகிறவர். கிராம சுகாதார செவிலியர் வந்து பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் பொறுப்பில் எத்தனையோ வீடுகள்; ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கட்டிக்கொண்டால் அவரைக் கூப்பிட முடியாது.

என் முதல் வருடத்தில் கொண்டலாம்பட்டியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். சிசேரியன் ஆகி ஆறாவது நாள். முன் அறையில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே தூளியைச் சுற்றி ஆறு பேர். பிள்ளை வீறிட்டு அழுகிறது. பால் பத்தவில்லை என்று அன்று காலைதான் தெருவில் வந்த கழுதைப்பால்காரரை நிறுத்திச் சங்கில் ஒரு மடக்கு வாங்கிப் புகட்டியிருக்கிறார்கள். தாய் கட்டில் ஓரமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மார்பு இரண்டும் கல்லாக இறுகி, ரவிக்கை நனைந்து, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு. பால் இல்லாமல் இல்லை, பால் கட்டியிருந்தது. மார்பு இறுகிப்போனதால் பிள்ளையின் வாய்க்குக் காம்பு பிடிபடவில்லை, அவ்வளவுதான். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, காம்பைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திக் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுத்ததும் அந்த இடம் இளகியது. பிள்ளையின் கால் தையலில் படாதபடி கக்கத்துக்கு அடியில் இடுக்கிப் பிடிக்கச் சொல்லி, கீழே ஒரு தலையணை வைத்தேன். வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து அணைத்தாள். இரண்டு நிமிடத்தில் மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம். ‘சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். காலையில் இரண்டு இட்லி. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அப்போது மணி நாலு.

அந்த வீட்டார் கெட்டவர்கள் இல்லை, பிள்ளையின் மேல் உயிராக இருப்பவர்கள். ஆனால் ஆறு பேரும் தூளியைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. நாம் விற்கப்போவது அந்த ஒருவரைத்தான். அந்த வீடு சொல்லி மட்டும் எனக்குப் பின்னால் 11 வீடுகள் வந்தன.

அடுத்து ஆள். நீங்கள் நர்ஸ் என்பதால் எல்லாம் கைக்குள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அம்மாபேட்டையில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றியே வாழ்ந்த ஓர் ஆயாவைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டேன். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கையால் சூடு பார்த்து, பிள்ளையைக் கால் மேல் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற அந்த நிதானம் எனக்கு இரண்டு வருடமாகியும் வரவில்லை. ‘அழுகை மாறுச்சுன்னா உடனே தூக்கிரணும் கண்ணு’ என்பார். அவரிடம் நான் கற்றேன், நான் சொல்லி அவர் சில பழக்கங்களை விட்டார்: மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது, கண்ணில் மை. ஏன் கூடாது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினேன். வயதானவர் என்று விட்டுவிடாதீர்கள், காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்ற வருகிறவர் ‘என்ன ஆளுங்க’ என்று கேட்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. மருத்துவச்சியைக் கொல்லைப்புறமாக வரவைத்து, முறத்தில் அரிசியும் பழைய சேலையும் கொடுத்து அனுப்பிய பழக்கத்தின் மிச்சம் அது. நான் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன்: அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, வாசல் வழியாகத்தான் வருவார், நாற்காலியில்தான் உட்காருவார், நீங்கள் குடிக்கிற டம்ளரில்தான் அவருக்கும் காப்பி. இதனால் போன வீடுகள் உண்டு. போகட்டும்.

சரி, என் தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. இரண்டாவது வருடம், சூரமங்கலம் பக்கம். பிரசவமாகி ஐந்தாம் நாள் தாய் தலைவலிக்கிறது என்றாள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, அதுதான் என்று சொல்லி, பற்றுப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை அவள் கணவர் போன் செய்தார், கண் மங்கலாகத் தெரிகிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் பி.பி. 170க்கு 110. கர்ப்பத்தில் அவளுக்கு பி.பி. வந்ததே இல்லை. பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை கூட இப்படி ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம் என்பது பாடத்தில் படித்ததுதான், அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, நல்லபடியாகத் திரும்பினாள். அந்த இரவு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக் கதவிலும் சிவப்பு மையில் எழுதிய ஒரு தாள் ஒட்டுகிறோம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, காய்ச்சல், விடாத தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், தையலில் சீழ் அல்லது நாற்றம். பிள்ளைக்கு என்றால் பால் குடிக்க மறுப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப்போவது, மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்குவது, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் கழிப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாங்கள் யோசிக்க மாட்டோம், ஆஸ்பத்திரிதான். போகிற ஒவ்வொரு நாளும் தாய்க்கு பி.பி. பார்த்து நோட்டில் எழுதுகிறோம். ஊசி போடுவது, மாத்திரை சொல்வது, தையல் பிரிப்பது எதுவும் கிடையாது. நர்ஸ் படித்த கை துடிக்கும். வீட்டில் வைத்து அதைச் செய்யக்கூடாது.

வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போட்டால் இந்தத் தொழில் ஒரு மாதம் நிற்காது. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரே கொடுக்க மாட்டார்கள், வயிறு போட்டுவிடும் என்பார்கள். பால் சுரக்கிற உடம்புக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் மலச்சிக்கல், அதுவும் தையலோடு. ‘தண்ணீர் கொடுங்கள்’ என்றால் கொடுக்க மாட்டார்கள். ‘சீரகத் தண்ணி காய்ச்சி வச்சுக் குடுங்கம்மா’ என்றால் ஃபிளாஸ்க் நிறைய வைத்துவிடுவார்கள். செலவு ரசம், பூண்டுக் குழம்பு, கருவாடு எல்லாம் இருக்கட்டும், தாய்க்கு நல்லதுதான். சாம்பிராணியைத் தாயின் தலைமுடியோடு நிறுத்தி, பிள்ளை இல்லாத அறையில் போடச் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்றுதான்: ஆறு மாதம் வரை பிள்ளையின் வாயில் தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய மருந்தும் தவிர வேறு எதுவும் போகக்கூடாது. சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. பால் பவுடர் தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு, அதை டாக்டர் சொல்லட்டும். பவுடர் டப்பாவை நாம் விற்க வேண்டாம், விளம்பரப்படுத்தவும் கூடாது; விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பிள்ளை பிறந்து மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையத் தாய்மார்களுக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை, பிள்ளையைத் தொடவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது காத்து கருப்பு இல்லை, மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணும் சிவப்புத் தாளில் இருக்கிறது.

பிரசவ அறைக்கு இப்போது வருகிறேன். அங்கே ஒரு துணை தொடர்ந்து கூட இருந்தால் நல்லது என்பதில் சந்தேகமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017ல் 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தது. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. ஆனால் உள்ளே விடுவதும் விடாததும் மருத்துவமனையின் கையில். ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள், அந்த இடம் அவளுடைய அம்மாவுக்கோ கணவனுக்கோ உரியது. அதனால் நான் அவர்களைத் தயார் செய்கிறேன். ஒன்பதாம் மாதத்தில் இரண்டு வகுப்பு: எப்படி இடுப்பை அழுத்துவது, எப்போது நடக்க வைப்பது, எதைச் சொல்லக் கூடாது. ‘கத்தாதடி’ என்று சொல்லக் கூடாது என்பதற்கே கால் மணி நேரம் போகும். டூலா என்று போர்டு வைத்தால் இங்கே யாருக்கும் புரியாது, பிரசவத் துணை என்று வையுங்கள்.

பணம், காகிதம் பற்றிச் சுருக்கமாக. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இலவசம், நீங்களே ஆன்லைனில் செய்யலாம், அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. தேவைப்படாது. முதல் வருடம் கடன் வேண்டாம். பி.பி. கருவி, குழந்தை எடை பார்க்கும் தராசு, தெர்மாமீட்டர், ஒரு ஸ்கூட்டர் போதும். நான் 15 நாளைக்கு, தினம் இரண்டு மணி நேரத்துக்கு 12,000 ரூபாய் வாங்குகிறேன், அதில் 7,500 வீட்டுக்குப் போகிற ஆயாவுக்கு. இருமல் சளி இருந்தால் அன்றைக்கு அவர் போகக் கூடாது, சம்பளம் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் இருமலை மறைத்துக்கொண்டு போவார்.

வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் இல்லை, ஆள் அனுப்பினால் கமிஷன் என்று யார் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு முதலில் கை கொடுத்தது கடைவீதியில் ஒரு வளையல் கடை அக்கா. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்க வருகிறவர்கள் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, நமக்கு வேண்டிய அதே நேரம். அந்த அக்கா வளையல் பெட்டியோடு என் அட்டையையும் வைத்துக் கொடுத்தார். அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணும் தண்டையும் வாங்குகிற கடைகள்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் தொடங்கியது நம் சேலத்தில்தான். ஏன் இங்கே என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, ஆனாலும் இரண்டாவதும் பெண் என்றால் வீடு அமைதியாகிவிடுவதை நீங்கள் பார்ப்பீர்கள். 15 நாளைக்குப் பேசிவிட்டு மூன்றாம் நாளே போதும் என்று சொன்ன வீடு ஒன்று உண்டு. காசு வேண்டாம், வருகிறோம் என்று சொல்லி 15 நாளும் போனோம். என்ன குழந்தை என்று சொல்கிற ஸ்கேன் சென்டர் தெரியுமா என்று கேட்டால், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், அந்த வீட்டுக் கர்ப்பிணியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

ஏற்காடு. செய்யலாம், ஆனால் வேறு மாதிரி. 20 கொண்டை ஊசி வளைவுகளை வலியோடு இறங்கி வருவது என்ன பாடு என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் அங்கே 36ஆம் வாரத்தில் நான் கேட்கிற முதல் கேள்வி, கீழே யார் வீட்டில் வந்து தங்குவாய் என்பதுதான். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கும் உள் கிராமத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் சேலத்தில் சொந்தம் இல்லாமல் இருக்கும், அப்போது சுகாதார செவிலியரிடம் பேசி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். திரும்பி ஏறுகிற நாளுக்கும் திட்டம் வேண்டும். தையல் மேல் அழுத்திப் பிடிக்க ஒரு தலையணை, அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு தடவை பால், வளைவில் மெதுவாகப் போகிற டிரைவர். மேலே குளிர் என்பதால் முதல் வாரம் பிள்ளைக்குக் குளியல் வேண்டாம், வெந்நீரில் துடைத்தால் போதும், தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறோம். வாரம் ஒரு நாள், புதன்கிழமை, நான் நேரில் போகிறேன். மற்ற நாளில் அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணுக்கு பி.பி. பார்க்கவும் எடை பார்க்கவும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேன், அவர் போனில் எண்களைச் சொல்வார். சில இடங்களில் டவர் கிடைக்காது, அதற்காக அவர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நோட்டோடு ரோட்டு மேட்டுக்கு வந்து பேசுகிறார்.