சார்ஜர் மட்டும் செத்துவிட்டது

கேள்வி: காரில் போன் சார்ஜர் செருகும் சாக்கெட் திடீரென்று வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரி. ஃபியூஸாக இருக்குமா? எங்கே தேடுவது?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பெரும்பாலும் ஃபியூஸ்தான். பல கார்களில் இரண்டு பெட்டி, ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில், இன்னொன்று பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில். எது எதற்கு என்று மூடியிலோ கார் கையேட்டிலோ படம் இருக்கும். முதலில் எஞ்சினை அணைத்து சாவியை எடுத்துவிடுங்கள், அப்புறம் பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் இடுக்கி இருந்தால் அதால் ஃபியூஸை நேராக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள், உள்கம்பி அறுந்திருந்தால் போச்சு. அதே ஆம்பியர்தான் போட வேண்டும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் வித்தை வேண்டவே வேண்டாம், வயரே எரியும். சாக்கெட்டுக்குள் 20 சென்ட் காசு ஏதும் விழுந்து கிடக்கிறதா? அதையும் பாருங்கள். புதியதும் உடனே போனால் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.