ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்த பிறகும் வீட்டு மீடியா சர்வர் வெளியிலிருந்து திறக்கவில்லையே, ஏன்?

ஜெல்லிஃபின் சர்வர் வீட்டுக்குள் நன்றாக ஓடுகிறது, 8096 போர்ட்டையும் ஃபார்வர்ட் செய்தாயிற்று (அந்த எண்ணுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சர்வருக்கு அனுப்பும்படி ரவுட்டரில் விதி எழுதியாயிற்று), வெளியே போனால் மட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்கிறீர்கள். இதே நிலையில் நான் இரண்டு இரவுகள் கண்விழித்திருக்கிறேன். ஃபார்வர்டிங் விதியை அழித்து அழித்து எழுதினேன். இணைப்பு வகையை டிசிபி, யூடிபி என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டதற்குக் கணக்கே இல்லை. கடைசியில் பார்த்தால் விதியில் ஒரு பிழையும் இல்லை, தலைவிதியில்தான் இருந்தது.

எனவே முதலில் இதைப் பாருங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வான்' (WAN, வெளி இணைய இணைப்பு) அல்லது 'இன்டர்நெட்' என்ற பகுதியில் ஒரு ஐபி முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, விபிஎன் (குறியாக்கம் செய்த தனிப்பாதை) எதுவும் ஓடாத நிலையில், வீட்டு வைஃபையிலிருந்தே 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அது சொல்லும் ஐபிவி4 முகவரியோடு ஒப்பிடுங்கள். எனக்கு ரவுட்டரில் 100.72 என்று தொடங்கியது. தளம் காட்டியதோ சம்பந்தமே இல்லாத வேறொரு எண்.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் புழங்குவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை போதாமல், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடுக்கி வைக்கிறார்கள். இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். அடுக்குமாடியின் வெளிக்கதவுச் சாவி நிறுவனத்திடம் இருக்க, நாம் நம் வீட்டுக் கதவை மட்டும் அகலத் திறந்துவைத்துக்கொண்டு விருந்தாளியை எதிர்பார்ப்பது போன்றது இது. உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பயன் இல்லை. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றை நிறுவிவிடுங்கள். அதற்குப் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை.

வான் முகவரி 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் முன்னால் இருக்கும் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது என்று பொருள். அதை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது இணைப்பை உங்கள் ரவுட்டருக்குக் கடத்த மட்டும் செய்யும் முறைக்கு, மாற்றுங்கள்.

இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால் கோளாறு வீட்டுக்குள்தான். என் அனுபவத்தில் முதல் சந்தேகம், சர்வரின் உள்முகவரி மாறிவிட்டது என்பதே. விதியில் 192.168.1.34 என்று எழுதியிருப்போம். ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் சர்வருக்கு 37 கிடைத்திருக்கும். 34இல் இப்போது யாரோ ஒருவருடைய கைபேசி உட்கார்ந்திருக்கும். ரவுட்டரில் உள்முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில் சர்வரின் மேக் முகவரிக்கு (வன்பொருளின் அடையாள எண்) ஒரு எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்து, சர்வர் கணினியின் ஃபயர்வால். விண்டோஸ் உங்கள் வீட்டு வலையமைப்பைப் 'பொது' என்று குறித்து வைத்திருந்தால் வெளியிலிருந்து வருவதைத் தடுத்திருக்கக்கூடும். ஜெல்லிஃபினின் நெட்வொர்க்கிங் அமைப்பில் தொலை இணைப்புக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே தங்கள் பொது முகவரியை அழைத்தால் பல ரவுட்டர்களுக்குத் திருப்பி அனுப்பத் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் 'வேலை செய்யவில்லை' என்று ஏமாந்து போவீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 8096 என்பது வெறும் எச்டிடிபி. உங்கள் கடவுச்சொல் குறியாக்கம் இல்லாமல் வெளியே பயணம் செய்யும். வெளிப்போர்ட்டை 48000 என்று மாற்றி வைப்பது பூட்டு ஆகாது, கதவு எண்ணை மாற்றுவதுதான். அவசரத்தில் சர்வரை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து எல்லாப் போர்ட்டுகளும் திறந்திருக்கும் நிலையில்) போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொது ஐபி கிடைத்த பிறகு நான் 8096ஐ மூடிவிட்டு, வயர்கார்டு என்ற விபிஎன்னுக்காக 51820 யூடிபி ஒன்றை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. வேறு வீட்டுத் தொலைக்காட்சியில் வயர்கார்டு நிறுவ வழியில்லாதபோதுதான் சிக்கல். அப்போது ஒரு டொமைன் பெயர் வாங்கி, கேடி போன்ற ரிவர்ஸ் பிராக்சியை (வெளி அழைப்புகளை முதலில் வாங்கிச் சர்வருக்குக் கடத்தும் மென்பொருளை) முன்னால் நிறுத்தி, 443 வழியாகக் குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் கொடுங்கள்.