மிரர்லெஸ் கேமராவில் மிரர் லென்ஸ்: கேள்வி பதில்

தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் பழைய மிரர் டெலிஃபோட்டோ லென்ஸ்களை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இந்த லென்ஸ்களோடு நெடுநாளாக மல்லுக்கட்டுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

புதுமுகம்: மிரர் லென்ஸ் என்கிறார்கள், மிரர்லெஸ் கேமரா என்கிறார்கள். தலை சுற்றுகிறது அண்ணா. இரண்டும் சேருமா?

நன்றாகவே சேரும். இரண்டும் வேறு வேறு கண்ணாடி. மிரர்லெஸ் கேமராவில் இல்லாமல் போனது, டிஎஸ்எல்ஆர் உடலுக்குள் வ்யூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பிவிடும் சாய்ந்த கண்ணாடி. மிரர் லென்ஸின் கண்ணாடிகள் லென்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. முன்னால் நுழையும் ஒளி, பின்னால் இருக்கும் குழிக் கண்ணாடியில் பட்டு முன்பக்கம் திரும்பும். அங்கே நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கண்ணாடி அதை மறுபடி பின்னுக்கு அனுப்பும். பெரிய கண்ணாடியின் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக ஒளி சென்சாருக்குப் போய்ச் சேரும். ஒரே குழாய்க்குள் மூன்று நடை நடப்பதால்தான் 500 மிமீ லென்ஸ் உள்ளங்கையில் அடங்குகிறது.

வித்தை தொலைநோக்கிக்காரர்களுடையது. சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மக்சுதோவ் 1941இல் உருவாக்கிய அமைப்பிலிருந்துதான் எம்டிஓ 500, எம்டிஓ 1000 லென்ஸ்கள் பிறந்தன.  பிறகு நிக்கான், மினோல்டா, டாம்ரான் என்று எல்லோரும் செய்தார்கள்.

மீன்கொத்தி: என்னிடம் டாம்ரான் 500 எஃப்/8 இருக்கிறது. பறவைக்குப் பின்னால் எல்லாம் வளையம் வளையமாக வருகிறது. இதைத் தவிர்க்க வழி உண்டா?

இந்தக் கேள்வி இல்லாமல் மிரர் லென்ஸ் பேச்சு முடிந்ததே இல்லை. ஃபோகஸில் இல்லாத ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் லென்ஸின் வாய் என்ன வடிவமோ அந்த வடிவத்தில்தான் விழும். உங்கள் லென்ஸின் வாய் நடுவில் அடைபட்ட வட்டம். எனவே வளையல். லென்ஸை மாற்றாமல் இதை ஒழிக்க முடியாது.

ஒரு குறுக்கு வழி உண்டு, சிரிப்பதற்காகச் சொல்கிறேன். முன்பக்கத்தைக் கறுப்பு அட்டையால் மூடி, சின்னக் கண்ணாடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு ஓட்டை மட்டும் விட்டால் வளையம் போய் முழு வட்டம் வரும். அந்த ஓட்டை சுமார் 17 மிமீதான் இருக்க முடியும். கணக்குப் போட்டால் எஃப்/29, அதாவது ஒரே இருட்டு. அதற்கு வளையலே தேவலை.

உண்மையில் தொல்லை தருவது பளிச்சென்ற வளையங்கள் அல்ல. பறவைக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் குச்சிகளும் புல்லும்தான். ஒவ்வொரு குச்சியும் இரண்டு கோடாகப் பிளந்து, பின்னணி முழுக்கக் கிறுக்கியது போல ஆகிவிடும். பின்னணி வெகுதூரத்தில் இருந்தால் வளையங்கள் பெரிதாகி ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடும். அதனால் பறவையைப் பார்க்கும் முன் அதன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தாலே புதருக்குப் பதில் தூரத்து நிழல் பின்னணியாகிவிடும். சாதாரண லென்ஸ்காரர் இதை வசதிக்குச் செய்வார். நமக்கு வேறு வழியில்லை.

மாலை வெயில் மின்னும் தண்ணீருக்கு முன்னால் ஒரு கொக்கு நின்றால் மட்டும் நான் வேண்டுமென்றே வளையங்களை வரவழைப்பேன். வருடத்துக்கு ஒரு படம் போதும். அதற்கு மேல் போனால் சலித்துவிடும்.

உங்கள் டாம்ரானுக்கு இன்னொரு குணம் உண்டு. 1.7 மீட்டர் வரை நெருங்கலாம், பொருளின் மூன்றில் ஒரு பங்கு அளவு சென்சாரில் விழும். தும்பி, வண்ணத்துப்பூச்சிக்குக் கொண்டு போய்ப் பாருங்கள்.

பழையபெட்டி: பழைய லென்ஸை வேறு உடலில் மாட்ட உதவும் அடாப்டர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மிரர்லெஸ் என்றால் கவலையே வேண்டாம். சென்சாரிலிருந்து லென்ஸ் மாட்டும் இடமான மவுண்ட் வரை உள்ள தூரம் சோனி இ மவுண்டில் 18 மிமீ, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்கள் பெரும்பாலும் 42இலிருந்து 46.5 மிமீ வரை எதிர்பார்ப்பவை. நடுவில் வெறும் குழாய் வைத்தால் போதும், கண்ணாடி எதுவும் தேவையில்லை. டி2 என்ற பொது அடாப்டர் திருகு உள்ள லென்ஸ் என்றால் இன்னும் சுலபம். அதற்கு 55 மிமீ வேண்டும் என்பதால் டிஎஸ்எல்ஆர் உட்பட எதிலும் உட்காரும்.

சிக்கல் வருவது நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு. லென்ஸுக்கு வேண்டியது 45.46 மிமீ, உடலிலேயே 46.5 இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 500 மிமீயில் அந்த ஒரு மில்லிமீட்டர், ஃபோகஸை ஏறக்குறைய 240 மீட்டரோடு நிறுத்திவிடும். மலையும் நிலாவும் போச்சு. ஆனால் மிரர் லென்ஸ்கள் முடிவிலிக் குறியைத் தாண்டியும் திரும்பும். அந்த உபரி போதுமானதாக இருந்தால் தப்பிக்கலாம்.

மாட்டியதும் ஷட்டர் வேலை செய்யவில்லை என்று பலர் பதறுகிறார்கள். லென்ஸ் இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர்’ என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள்.

டிரைபாட் தூக்கி: முடிவிலிக் குறியைத் தாண்டித் திரும்புவது பழுதா? குறியில் வைத்தால் தூரத்துக் கோபுரம் மங்கலாகத்தான் தெரிகிறது.

பழுதல்ல. சூட்டில் குழாயும் கண்ணாடியும் விரியும், குளிரில் சுருங்கும். மிரர் லென்ஸில் இதன் விளைவு பெரிது என்பதால் வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறார்கள். குறியை நம்பாதீர்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

மீன்கொத்தி: ஃபோகஸ் பீக்கிங் போட்டுத்தான் எடுக்கிறேன். பத்தில் எட்டு வீண்.

பீக்கிங், கான்ட்ராஸ்ட் உள்ள இடத்தில் நிறம் பூசும். மிரர் லென்ஸில் கான்ட்ராஸ்ட் குறைவு. அதனால் ஒன்று எதிலும் பூசாது, இல்லையென்றால் எல்லாவற்றிலும் பூசும். ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெரிதாக்கி, பறவையின் கண்ணில் தெரியும் ஒளிப்பொட்டைப் பார்த்துத் திருப்புங்கள். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில், 10 மீட்டர் தள்ளி இருக்கும் பறவைக்கு 500 எஃப்/8இல் கிடைக்கும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. 5 மீட்டரில் அது மூன்று விரல் அகலம். அலகு ஃபோகஸில் இருந்தால் வால் இருக்காது. ஃபோகஸ் வளையத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுத்து ஒன்றைப் பொறுக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான்.

அவசரக்காரன்: ஆட்டோஃபோகஸ் உள்ள மிரர் லென்ஸே கிடையாதா?

மினோல்டா ஏஎஃப் ரிஃப்ளெக்ஸ் 500 எஃப்/8. 1989இல் வந்தது. மினோல்டாவின் கேமரா தொழில் சோனிக்குப் போன பிறகு சோனி பெயரிலும் விற்றார்கள். ஏ மவுண்ட் உடல்களில் நடுப்புள்ளியில் மட்டும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

நிழல்: எஃப்/8 என்று போட்டிருக்கிறது. ஆனால் என் ஜூம் லென்ஸை எஃப்/8இல் வைத்து எடுப்பதைவிட இருட்டாக வருகிறதே?

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்த கணக்கு. 500ஐ 62.5ஆல் வகுத்தால் 8. நடுவில் அடைபட்ட இடத்தை அந்தக் கணக்கு பார்க்காது. சின்னக் கண்ணாடியின் விட்டம் வாயின் விட்டத்தில் 40 சதவீதம் என்றால், 16 சதவீத ஒளி அங்கேயே போய்விட்டது. இரண்டு கண்ணாடிகளும் ஆளுக்குக் கொஞ்சம் விழுங்கும். எனவே உங்கள் எஃப்/8 நடைமுறையில் எஃப்/9.5, எஃப்/10 போல நடந்துகொள்ளும். அபெர்ச்சர் வளையமும் இல்லை. ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே உங்கள் கையில்.

ஃபிலிம் காலத்தில் இந்த லென்ஸ்கள் கெட்ட பெயர் வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஐஎஸ்ஓ 100, 200 ஃபிலிமில் இதை வைத்துக்கொண்டு 1/500 நொடி எங்கே கிடைக்கும்? வ்யூஃபைண்டர் வேறு இருட்டிக் கிடக்கும். இன்று ஐஎஸ்ஓ 3200 பயமில்லாமல் வைக்கிறோம், எலெக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் வெளிச்சம் கூட்டிக் காட்டுகிறது. அதே லென்ஸ்தான், நல்ல காலம் இப்போதுதான் பிறந்திருக்கிறது.

டிரைபாட் தூக்கி: கையில் பிடித்து எடுக்கலாமா?

லேசாக இருப்பதால் எல்லோரும் கையில்தான் பிடிப்பார்கள். லேசாக இருப்பதாலேயே ஆடவும் செய்யும். முழுச் சட்டத்தில் 1/500, அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி உடலில் 1/750 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். உடலில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் குவியத்தூரம் 500 என்று மெனுவில் நீங்களே உள்ளிட வேண்டும். லென்ஸ் எதையும் சொல்லாது. பழைய 50 மிமீ கணக்கிலேயே அது ஈடுகட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. எம்டிஓ 1000 நல்ல கனம். அதற்கு டிரைபாட்தான்.

சலிப்பு: எல்லாம் செய்துவிட்டேன். டிரைபாட், டைமர், பெரிதாக்கி ஃபோகஸ். இன்னும் சோப்புத் தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. லென்ஸ் மட்டமா?

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? கேட்பதற்குக் காரணம் உண்டு. என் முதல் 500ஐ மூன்று மாதம் திட்டித் தீர்த்திருக்கிறேன். விற்கவும் ஆள் பார்த்துவிட்டேன். நான் சோதித்ததெல்லாம் நடுப்பகலில், வெயிலில் காய்ந்த சிமெண்ட் தளத்துக்கு மேலாக, 300 மீட்டர் தள்ளி இருந்த பலகையை. சூடான காற்று நெளிவதை லென்ஸ் நெளிவதாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் விடியற்காலையில் தற்செயலாக அதே பலகையை எடுத்தபோது எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது.

லென்ஸுக்குள்ளும் இதே கதை நடக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் எடுக்காதீர்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று அடங்க அரை மணி நேரமாவது கொடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் இரவில் ஒரு நட்சத்திரத்தையோ தூரத்து விளக்கையோ சற்று ஃபோகஸ் தப்ப வைத்துப் பாருங்கள். வளையம் தெரியும். நடு ஓட்டை சரியாக நடுவில் இருந்தால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றன. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்த லென்ஸ். வளையம் முக்கோணம் போல இழுத்திருந்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையம் இறுகியிருக்கிறது. எம்டிஓக்களில் இது அடிக்கடி வரும் கோளாறு. பழக்கப்பட்டவர் லேசாகத் தளர்த்திவிட்டால் ஆளே மாறிவிடும். பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். கூடவே டார்ச் அடித்துப் பூஞ்சையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையபெட்டி: பின்பக்கம் ஒரு குட்டி ஃபில்டர் இருந்தது. வெறும் கண்ணாடி என்று கழற்றி வைத்துவிட்டேன்.

திரும்ப மாட்டிவிடுங்கள். அது வெறும் கண்ணாடிதான், ஆனால் லென்ஸின் கணக்கில் சேர்ந்தது. அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸ் தளத்தைத் தள்ளி வைக்கிறது. ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட வேண்டுமானால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுங்கள். உங்களுடையது டாம்ரான் என்றால் அளவு 30.5 மிமீ.

நிலாப்பித்தன்: நிலாவுக்கு 500 போதுமா? சூரியனையும் எடுக்க ஆசை.

குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் அளவு ஏறக்குறைய வரும். 500க்கு 4.5 மிமீ, 1000க்கு 9 மிமீ. முழுச் சட்டத்தின் உயரம் 24 மிமீ, மனதில் போட்டுப் பாருங்கள். ஏபிஎஸ்-சி உடல் இருந்தால் நிலாவுக்கு அதையே எடுங்கள். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 100, 1/125 நொடியில் தொடங்கலாம். ஆனால் அரை நிலாவில்தான் பள்ளங்களின் நிழல் தெரியும். கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதால் நிலாவின் விளிம்பில் ஊதா ஓரம் அநேகமாக இருக்காது. விலை உயர்ந்த டெலிக்களோடு மிரர் லென்ஸ் தைரியமாக நிற்கும் இடம் இது.

சூரியன் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். லென்ஸின் முன்பக்கம் முழுவதையும் மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். பின்பக்க என்டி ஃபில்டர் இதற்கு உதவாது. குவிந்த சூடு அதன் மேல்தான் விழும், வெடித்துவிடும்; பிறகு சென்சார். டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் போவது கண். மூடி இல்லாத லென்ஸை வெயிலில் வைத்துவிட்டு நகரவும் வேண்டாம்.

நிழல்: கறுப்பு கறுப்பாகவே வருவதில்லை, சாம்பலாக இருக்கிறது.

நடுவில் இருக்கும் அடைப்பே கொஞ்சம் கான்ட்ராஸ்டைக் குறைக்கும், அதை மாற்ற முடியாது. பக்கவாட்டு வெளிச்சத்தை மாற்றலாம். கூட வந்த ஹூட் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். உள்பக்கம் கறுப்பு வெல்வெட் ஒட்டிய அட்டையில் ஒரு சாண் நீள ஹூட் செய்துகொள்ளுங்கள். ரா (RAW) கோப்பாக எடுத்து, எடிட் செய்யும்போது கறுப்பு முனையை இழுத்துவிட்டால் மீதியும் சரியாகிவிடும்.

அவசரக்காரன்: 2எக்ஸ் கன்வர்ட்டர் போட்டு 500ஐ 1000 ஆக்கலாமா?

எஃப்/16 ஆகும், ஆடுவதும் இரட்டிப்பாகும். வேண்டாம். நடுவில் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.