சுராங்கனி பாட்டின் தாளம் எங்கிருந்து வந்தது? மட்டக்களப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

சிலோன் மனோகர் என்று அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய சுராங்கனி ஒரு பைலாப் பாட்டு, அதாவது இலங்கையின் துள்ளலான ஆட்டப் பாட்டு வகை. 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் வந்தது. தாளத்தின் வேர், போர்த்துக்கேயர் காலத்துக் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் அதைக் கல்யாண வீடுகளில் வயலினோடு வாசித்து ஆடி இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். நம் ஊரின் இந்தப் பெருமையை வெளியே இன்னும் நிறையப் பேசவேண்டும்.

வாசிக்கப் போகிறீர்களென்றால் ஆறு எண்ணுங்கள். ஒன்றிலும் நாலிலும் அழுத்தம். கீபோர்டில் சாதாரண நாலெண்ணிக்கைத் தாளத்தைப் போட்டால் துள்ளல் போய்விடும், ஆடுபவர்களின் கால் தடுமாறும். வேகத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. கூட்டத்தையும் அதே ஒன்று, நாலில் கைதட்ட வையுங்கள், பாட்டு தானாக ஓடும்.