சம்பளம் கூடினால் மருத்துவ அட்டை போய்விடுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையே வேறு வேறு வேஷத்தில் கேட்கின்றன: அரசு தரும் மருத்துவ உதவி குடும்பத்தைத் தாங்குகிறதா, முடக்கிப் போடுகிறதா? சிக்கலானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்குப் பதவி உயர்வு வந்தது. சம்பளம் கூடினால் குடும்பத்துக்குக் கிடைக்கும் அரசு மருத்துவ உதவி நின்றுவிடும் என்று வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உழைக்க வேண்டிய வயதில் இப்படி ஒரு சோம்பேறித்தனமா?

உங்கள் தம்பி சோம்பேறி இல்லை, கணக்குத் தெரிந்தவர். அவர் வருமானம் 100 என்று வையுங்கள். பதவி உயர்வால் 108 ஆகிறது. உதவிக்கான வரம்பு 105. வரம்பைத் தாண்டியதும் இதுவரை இலவசமாக இருந்த காப்பீட்டுக்கும் மருந்துக்கும் சொந்தக் கையிலிருந்து 14 போகிறது. மீதி 94. அதிக வேலை, அதிகப் பொறுப்பு, வீட்டுக்கு வருவது முன்பைவிடக் குறைவு. கூடுதலாக வந்த 8-க்கு 14 பறிபோகிறது என்றால் அது 175 சதவீத வரி. எந்த நாட்டு நிதி அமைச்சரும் கோடீஸ்வரர் மேல் இப்படி ஒரு வரியைப் போடத் துணிய மாட்டார். ஏழைக் குடும்பத்தின் மேல் மட்டும் இது சத்தமில்லாமல் விழுகிறது. விண்ணப்பப் படிவத்தின் அடியில் ஒற்றை வரியாக இருப்பதால் யாரும் இதை வரி என்று சொல்வதும் இல்லை.

படிக்கட்டு வைக்காமல் மாடி கட்டியது போன்ற திட்டம் இது. கீழே இருப்பவரைப் பார்த்து ‘ஏன் ஏறவில்லை’ என்று கேட்டுப் பயனில்லை. வருமானம் 10 கூடினால் உதவியில் 3 குறையட்டும், 4 குறையட்டும். முழுவதும் ஒரே நாளில் போகக் கூடாது. இன்னொரு வழி, கொஞ்ச காலம் விட்டுப்பிடிப்பது. அமெரிக்காவில் 1988-ல் வந்த ஒரு சட்டம், சம்பளம் கூடியதால் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தகுதியை இழக்கும் குடும்பங்களுக்கு 12 மாதம் வரை அதைத் தொடர வழிசெய்தது. ‘வேலைக்குப் போனால் அட்டை போய்விடும்’ என்ற பயத்தைச் சட்டம் இயற்றியவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள். வரம்பு எது, அதைத் தாண்டினால் என்னென்ன போகும், எப்போது போகும் என்று எழுத்தில் வாங்கினாரா? பக்கத்து வீட்டில் கேட்டதை நம்பி உயர்வை மறுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அந்தப் பயம் உண்மை. சிலருக்குப் பிள்ளைகளின் உதவி தொடர்ந்திருக்கும், பெரியவர்களுடையது மட்டும் போயிருக்கும். அந்தக் கணக்கே வேறு.

கேள்வி: மொத்தமாகப் பார்த்தால் என்ன? இலவச மருத்துவம் கொடுத்தால் ஆட்கள் வேலையை விடுகிறார்களா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இல்லை. ஆனால் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008-ல் மெடிக்கெய்டில் கொஞ்சம் இடம்தான் இருந்தது. சுமார் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஆய்வாளர்களுக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல: சீட்டு விழுந்தவரும் விழாதவரும் மற்றபடி ஒரே மாதிரி ஆட்கள். காப்பீடு கிடைத்தவர்களின் வேலையிலோ சம்பளத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குடும்பத்தையே சாய்த்துவிடும் பெரிய மருத்துவச் செலவு கிட்டத்தட்ட மறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. இரண்டு ஆண்டில் ரத்த அழுத்தத்தில் தெளிவான மாற்றம் தெரியவில்லை என்பதையும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆதரிப்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும்.

எதிர்ச்சாட்சி டென்னசி மாநிலம். அங்கே 2005-ல் சுமார் 1,70,000 பேரைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். அதன்பின் பலர் காப்பீடு தரும் வேலைகளைத் தேடிப் போனார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கு நிற்குமா என்று கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். என் பார்வையில், காப்பீட்டுக்காக மட்டுமே பிடிக்காத வேலையைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் எங்கும் உண்டு. அது வராது என்பதால் சொந்தத் தொழில் தொடங்காதவர்கள் உண்டு. அதுவும் ஒரு வகைச் சார்பு நிலைதான். அதற்கு மட்டும் யாரும் கெட்ட பெயர் வைப்பதில்லை.

கேள்வி: வேலை செய்தால்தான் மருத்துவ உதவி என்று நிபந்தனை போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?

ஆர்கன்சா மாநிலம் 2018-ல் போட்டுப் பார்த்தது. சில மாதங்களிலேயே 18,000 பேருக்கு மேல் உதவியை இழந்தார்கள். வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடியதாக ஆய்வில் தெரியவில்லை. காரணம் எளிது: பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள், அல்லது விலக்குக்குத் தகுதி பெற்றவர்கள். மாதாமாதம் அதைப் பதிவு செய்யத் தெரியாமலோ, அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமலோ வெளியே விழுந்தார்கள். 2019-ல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. படிவத்தை ஒழுங்காக நிரப்புபவர் யார் என்றுதான் அந்தச் சோதனை கண்டுபிடித்தது.

கேள்வி: எல்லாப் பொருளும் தொழில்நுட்பத்தால் மலிவாகும்போது மருத்துவம் மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960-களில் இதற்கு ஓர் அழகான விளக்கம் சொன்னார். நான்கு பேர் வாசிக்கும் இசைக்கோவையை 200 ஆண்டுகளுக்கு முன்பும் நான்கு பேர்தான், அதே நேரம் எடுத்துத்தான் வாசித்தார்கள், இன்றும் அப்படியே. இதற்கிடையில் தொழிற்சாலையில் ஒருவர் பத்து மடங்கு உற்பத்தி செய்கிறார், அவர் சம்பளம் ஏறுகிறது. வாசிப்பவருக்கும் அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர் வயலின் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், மருத்துவர் நோயாளி சொல்வதைக் கேட்பதும் இந்த வகை வேலை. வேகப்படுத்தினால் கெட்டுப்போகும்.

இது ஒரு காரணம்தான். புதிய கருவிகள் மற்ற துறைகளில் செலவைக் குறைக்கும். மருத்துவத்தில் முன்பு செய்யவே முடியாத ஒன்றைச் செய்யவைத்துப் புதுச் செலவைக் கொண்டுவரும். ஆயுளும் கூடுகிறது. வாங்குபவருக்கு வாங்கும் பொருளைப் பற்றித் தெரியாது, பேரம் பேசும் நிலையிலும் இருக்க மாட்டார். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே இதை எழுதிவிட்டார். அமெரிக்காவை மற்றப் பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டு 2003-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கர்கள் அதிக முறை மருத்துவரிடம் போவதில்லை, ஒவ்வொரு முறைக்கும் அதிக விலை கொடுக்கிறார்கள் என்று காட்டியது. ‘இலவசம் என்று ஓடுகிறார்கள், அதனால்தான் செலவு’ என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: சும்மா சும்மா மருத்துவமனைக்கு வருவதைத் தடுக்கச் சின்னதாக ஒரு கட்டணம் வைத்தால் என்ன?

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். மனம் மாற இரண்டு காரணம். ஒன்று, அமெரிக்காவில் ரேண்டு என்ற ஆய்வு நிறுவனம் 1970-களில் தொடங்கி 1982 வரை நடத்திய சோதனை. கட்டணம் கட்டியவர்கள் குறைவாகத்தான் வந்தார்கள், உண்மை. ஆனால் தேவையற்ற சிகிச்சை குறைந்த அளவுக்குத் தேவையான சிகிச்சையும் குறைந்தது. தலைவலியா, கட்டியா என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்க நோயாளிக்குத் தெரியுமா? சராசரி ஆளுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள்தான் இலவச சிகிச்சையில் தெளிவாக நலமாக இருந்தார்கள். இரண்டாவது, ஜெர்மனி. 2004-ல் மூன்று மாதத்துக்கு 10 யூரோ என்று மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் வைத்தது. வசூலிக்கும் தலைவலிதான் மிச்சம், வருகை எதிர்பார்த்தபடி குறையவில்லை. 2013 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள்.

கட்டணம் வைத்தே தீர வேண்டுமென்றால், சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரைகளை மட்டுமாவது விட்டுவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்கும் காசு பக்கவாதமாகத் திரும்பி வரும்.

கேள்வி: எங்களுக்கு எந்த உதவியும் கிடையாது, சொந்தக் காப்பீடுதான். எவ்வளவு செலவானால் ‘அதிகம்’ என்று கவலைப்பட வேண்டும்?

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் வீட்டின் மொத்தச் செலவில் கையிலிருந்து போகும் மருத்துவச் செலவு 10 சதவீதம், 25 சதவீதம் என்று இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். 2019 நிலவரப்படி உலகில் சுமார் 100 கோடிப் பேர் முதல் கோட்டைத் தாண்டிய குடும்பங்களில் இருந்தார்கள். நீங்கள் ஓர் ஆண்டு தாண்டினால் சமாளித்துவிடலாம்; இரண்டாம் ஆண்டும் தாண்டினால் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிரீமியத்தைவிட முக்கியம், ஓர் ஆண்டில் உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டா என்பது. இல்லையென்றால், பிரீமியம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பெரிய நோய் வரும்போது அந்தப் பத்திரம் பாதியிலேயே கையை விரித்துவிடும்.

கேள்வி: தகுதி இருந்தும் அம்மா உதவிக்கு விண்ணப்பிக்க மறுக்கிறார். ‘யாரிடமும் கையேந்த மாட்டேன்’ என்கிறார். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்.

முதலில் மாத்திரை. சிலவற்றை உடைக்கவே கூடாது, மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். விண்ணப்ப விஷயத்தில் வாதாடாதீர்கள். இத்தனை ஆண்டு அம்மா கட்டிய வரியை, கடையில் வாங்கிய ஒவ்வொரு சாமானிலும் போனதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். படிவத்தை நீங்களே நிரப்பிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் கேளுங்கள். முதல் முறை மறுப்பார். அடுத்த மாதம் மருந்துச் சீட்டோடு சேர்த்து மறுபடி வையுங்கள்.