மூணாறு, தேக்கடிப் பக்கம் கேரவன் முகாமை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தேனியிலிருந்து வாடகைக் கேரவனில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியில்) குடும்பத்துடன் சென்று, ஏரியும் மலையும் சூழ்ந்த இடத்தில் தங்க எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்சியைவிட வழியை முதலில் விசாரியுங்கள். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிடும் வண்டிகூட, பிரதான சாலையிலிருந்து முகாமுக்குப் பிரியும் குறுகிய எஸ்டேட் பாதையில் திரும்ப இடமின்றி நின்றுவிடக்கூடும்; ஆகவே வண்டியின் நீள, உயரத்தைச் சொல்லி, அந்தப் பாதையின் காணொளியைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஏரிக்கரையிலேயே தங்கும் ஆசை இப்பகுதியில் எளிதில் நிறைவேறாது. 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையால் உருவான தேக்கடி ஏரி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், குமுளியில்தான் தங்க வேண்டியிருக்கும். மூணாறு பக்கமுள்ள ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்துக்குப் பெயருக்கேற்ப யானைகள் வரும். அங்கே நீரோரத்தைவிட, வேலியும் இரவுக் காவலும் உள்ள மேட்டுநிலமே என் தேர்வு.

கேரளச் சுற்றுலாத் துறை 2021-இல் அறிவித்த கேரவன் திட்டத்தின் முதல் கேரவன் பூங்கா, அதாவது வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம், இடுக்கி மாவட்ட மலையூரான வாகமண்ணில் அமைந்தது. வேறு இடங்களில் 'கேரவன் வசதி உண்டு' என்றால் வெறும் விடுதி வாசலாகவும் இருக்கலாம். சமதளம், குடிநீர் இணைப்பு, கழிவுநீரை இறக்கும் தொட்டி, ஏசி தாங்கும் மின்இணைப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே கேளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில், மண்சரிவு அபாயத்தால், சரிவின் அடியில் உள்ள முகாம்களை அறவே தவிர்த்துவிடுங்கள்.