தொல்லியல் பயிற்சியில் வரைபடப் பொறுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "வன்னியின் வவுனிக்குளப் பகுதியில், தோண்டாமல் நிலத்தின்மேல் கிடப்பவற்றைப் பதியும் மேற்பரப்பாய்வு செய்யும் குழுவொன்றில் உள்ளகப் பயிற்சி கிடைத்துள்ளது. வரைபடம் என் பொறுப்பு. கைத்தொலைபேசியும் பழைய மடிக்கணினியும் போதுமா?"

போதும். கணினியில் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசமானது. அதனோடு இணைந்த, களத்தில் கைத்தொலைபேசியில் பதிவதற்கான கியூபீல்ட் (QField) செயலி, வலையமைப்புக் கிடைக்காத காட்டுப்பகுதியிலும் இயங்கும். உங்கள் கவனம் முதலில் செல்ல வேண்டியது, ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறைமையின் மீது. கைத்தொலைபேசி தருவது உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) ஆள்கூறு. நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களோ கண்டவளை (Kandawala) எனப்படும் வேறொரு அளவை ஆதாரத்தில் அமைந்தவை. உரிய மாற்றம் செய்யாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், குளக்கட்டின் அடியில் கண்ட ஓட்டுத்துண்டுகள் நூற்றுக்கணக்கான மீற்றர் விலகி, அலைகரையிலோ வயலிலோ கிடந்தவையாகத் தோன்றும். வன்னியின் பழைய குடியிருப்புகளைக் குளத்தோடும் அதற்கு நீர் தரும் பாலியாற்றோடும் தொடர்புபடுத்தியே விளங்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், இந்தப் பிழை ஆய்வின் முடிவையே திருப்பிவிடும். எனவே களத்துக்குச் செல்லுமுன், எஸ்எல்டி 99 (SLD99) எனப்படும் தேசிய முறைமைக்கு, அதாவது மென்பொருளில் ஈபிஎஸ்ஜி (EPSG) 5235 என்ற குறியீட்டெண் கொண்ட முறைமைக்கு, வரைபடத்தின் எல்லா அடுக்குகளையும் மாற்றி, தரையில் உறுதியாகத் தெரியும் துருசு ஒன்றிலோ பாலமொன்றிலோ நின்று சரிபாருங்கள்.

கைத்தொலைபேசியின் துல்லியம் திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீற்றர். மரநிழலில் பிழை இதைவிடக் கூடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியுடனும் திரையில் காட்டும் துல்லிய அளவையும் பதியுங்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்றை நான் வற்புறுத்திச் சொல்வேன்: எதுவும் கிடைக்காத இடங்களையும், நடந்த பாதையையும், நிலம் எவ்வளவு தெரிந்தது என்பதையும் பதிய வேண்டும். காலபோக அறுவடை முடிந்த வயலில் கண்ணுக்குத் தெரியும் கறுப்பு சிவப்பு மட்பாண்டத் துண்டு (பழைய குடியிருப்பின் தடயம்), பற்றை மூடிய மேட்டில் தெரியாது. அப்பதிவு இல்லாத வரைபடத்தில் அந்த மேடு மனிதர் வாழாத இடமாகவே படிக்கப்படும்.

கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகாத காட்டுக்குள், செய்மதிப் படத்தில் எவ்வளவு நல்ல மேடு தெரிந்தாலும், இறங்கவே கூடாது. புதையல் தேடித் தோண்டுவோர் இருப்பதால், துல்லியமான ஆள்கூறுகளை முகநூலில் பகிராமல், ஆய்வுக்குழுவின் பொறுப்பாளரிடம் மட்டும் ஒப்படையுங்கள்.